பாம்புப் பொந்தல்ல, பஞ்சுருட்டான் வீடு!

நாளைக் காலையில் வேலைக்கோ பள்ளிக்கோ புறப்படும்போது ஒரே ஒரு நிமிடம் தலையைத் தூக்கி மின்சாரக் கம்பியைப் பாருங்கள். புறாவும் மைனாவும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி, ஒல்லியான உடம்போடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறொரு பறவை இருக்கக்கூடும். மைனாவைவிட மெலிந்தது. நிழலில் பார்த்தால் வெறும் கறுப்பு. அதுவே வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து அதன்மீது விழுந்தால் நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். தலையும் முதுகும் செம்பழுப்பு, சிறகு பச்சை, தொண்டையில் நீலம், வாலில் இன்னொரு விதமான நீலம். தீபாவளிக்குத் துணிக்கடையில் நம் பெண்கள் புரட்டிப் பார்க்கும் சேலைகளில்கூட இத்தனை நிறம் ஒன்றோடொன்று சண்டை போடாமல் சேர்ந்திருப்பதை நான் கண்டதில்லை.

"ஓ, மீன்கொத்தியா!" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களே அதிகம். மீன்கொத்தி அன்று. தமிழில் இதற்குப் பஞ்சுருட்டான் என்று பெயர். மலாய்க்காரர்கள் பெரெக்-பெரெக் என்பார்கள். அது கத்துவதைக் கேட்டால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமென்று தெரியும்.

இந்தப் பறவையைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், நான் வெட்கத்தோடுதான் பதில் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் இவற்றின் வீடுகளை வரிசையாக மண்போட்டு மூடியவன் நான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம்.

நிறத்தை வைத்துப் பறவையைத் தேடாதீர்கள். பறவை இறகில் தெரிகிற நீலம் நாம் வேட்டிக்குப் போடும் நீலத்தைப்போல ஒரு சாயம் அன்று. இறகினுள் இருக்கும் மிக நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால்தான் நம் கண்ணுக்கு நீலம் தோன்றுகிறது. ஒளி சரியாக விழாவிட்டால் அந்த நீலமும் மங்கிவிடும். ஆகவே, முதலில் வடிவத்தைப் பாருங்கள். அலகு மெல்லியதாக, நீண்டு, கீழ்நோக்கிச் சற்றே வளைந்து அரிவாளை நினைவூட்டும். நம் கால்வாய் ஓரத்தில் இருக்கும் மீன்கொத்திக்கோ தடித்த, நேரான, சிவப்பு அலகு, பெரிய தலை, வெள்ளை மார்பு. அலகைப் பார்த்தாலே இரண்டும் வேறு என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அடுத்து, பஞ்சுருட்டானின் கண்வழியே மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு ஓடும். கண் சிவப்பு. வளர்ந்த பறவையானால் வாலின் நடுவிலிருந்து இரண்டு இறகுகள் ஊசிபோல நீண்டு நிற்கும்.

இவற்றைவிட நல்ல அடையாளம் அதன் நடத்தை. கம்பியிலிருந்து திடீரென்று பாயும். காற்றில் ஒரு பூச்சியைக் 'டப்'பென்று கவ்வும். சிறகை விறைப்பாக விரித்து, பிள்ளைகள் விடும் காகித அம்புபோல மிதந்து, கிளம்பிய அதே இடத்திற்கு வந்து உட்காரும். மைனா இப்படிச் செய்யாது. கரிச்சான் செய்யும், ஆனால் அது உடம்பெல்லாம் கறுப்பு. ஒரு பறவை மூன்று முறை போய் மூன்று முறையும் அதே கொம்புக்குத் திரும்பினால் உங்கள் ஐயம் முக்கால்வாசி தீர்ந்தது. ஓடிப்போய்க் கிட்டே பார்க்கவேண்டிய அவசியமில்லை. சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாலே போதும், பறவையே உங்கள் முன்னால் வேலை செய்து காட்டும். காலை எட்டு மணியிலிருந்து பத்து வரையும், மாலையில் நாலு மணிக்குப் பிறகும் நல்ல நேரம்.

நம் தோட்டங்களில் பொதுவாகக் கண்ணில் படுபவை இரண்டு வகை. மேலே நான் வருணித்தது நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். இது இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. இன்னொன்று நீலவால் பஞ்சுருட்டான். இதற்குத் தலையும் முதுகும் பச்சை, மோவாயில் கொஞ்சம் மஞ்சள், தொண்டை செம்பழுப்பு, வால் நீலம். இது பெரும்பாலும் விருந்தாளி. வடக்கே இருந்து செப்டம்பர் வாக்கில் கூட்டமாக வந்து சேரும், ஏப்ரல் வாக்கில் போய்விடும். வட மாநிலங்களில் சில இடங்களில் தங்கிக் குஞ்சு பொரிப்பதும் உண்டு. தமிழ்நாட்டிற்கும் குளிர்காலத்தில் இதே வகை வருகிறது. ஆகவே, உங்கள் தாத்தா கப்பலேறுமுன் ஊர்க் கண்மாய்க் கரையில் பார்த்த பறவையைத்தான் நீங்கள் இன்றைக்கு லயத்துக் கம்பியில் பார்க்கிறீர்கள் என்றாலும் தவறில்லை.

தலை செம்பழுப்பாகவும் தொண்டை நீலமாகவும் இருந்தால் உள்ளூர்க்காரர். தலை பச்சையாகவும் தொண்டை செம்பழுப்பாகவும் இருந்தால் விருந்தாளி. இதை என் மாணவர்களுக்கு நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நீலத்தொண்டையின் இளம் பறவைக்குத் தலை பச்சையாகத்தான் இருக்கும்! அதைப் பார்த்து நானே ஒருமுறை விருந்தாளி என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். ஜூன் மாதத்தில் விருந்தாளி ஏது? நன்றாகப் பார்த்தால் அதற்கு வாலில் ஊசியிறகு இல்லை, தொண்டையில் செம்பழுப்பும் இல்லை, வெளிறிய நீலம்தான். கெடா, பெர்லிஸ், பினாங்கு, லங்காவிப் பக்கத்து வாசகர்கள் மூன்றாவது வகை ஒன்றையும் காணலாம். தலை செம்பழுப்பு, தொண்டை பளீரென்ற மஞ்சள், வாலில் ஊசி கிடையாது.

உலகம் முழுவதிலும் ஏறத்தாழ முப்பது வகைப் பஞ்சுருட்டான்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதிக்குத் தாய்வீடு ஆப்பிரிக்கா. அங்கே மரம் குறைந்து புல் நிறைந்த பரந்த வெளிகளில், இரத்தச் சிவப்பான ஒரு வகை பெரிய கானமயில்களின் முதுகில் ஏறிச் சவாரி செய்யுமாம். கானமயில் நடக்க நடக்கப் புல்லிலிருந்து பூச்சிகள் பறக்கும், இது முதுகிலிருந்தபடியே பிடித்துத் தின்னும். ஓசிச் சவாரியும் சாப்பாடும்! நம் நாட்டில் அத்தகைய புல்வெளி இல்லை. ஆனால் மறுநடவுக்காக மரம் சாய்த்த வெட்டவெளி, லாலாங் புல் மண்டிய மேடு, பழைய ஈயச் சுரங்கத்து மணல்காடு, பள்ளித் திடல் இவையெல்லாம் உண்டே. திறந்தவெளியும் இளகிய மணலும் இருந்தால் பஞ்சுருட்டானுக்குப் போதும். செம்பனை உயரமாக வளர்ந்து இருட்டிப்போன நிரைகளுக்குள் இதைத் தேடிப் பயனில்லை.

இது தின்பது தேனீ, குளவி, தும்பி, பறக்கும் எறும்பு. தேனீயை எப்படித் தின்கிறது என்று பாருங்கள். அலகின் நுனியில் பிடித்துக்கொண்டு வந்து, கிளையில் தலைப்பக்கத்தை அடிக்கும். பிறகு தேனீயைத் திருப்பிப் பிடித்து, அதன் வால்பக்கத்தைக் கிளையில் தேய்தேய் என்று தேய்க்கும். கொடுக்கும் நஞ்சும் வெளியே வந்துவிடும். அப்படித் தேய்க்கும்போது நஞ்சு தெறிக்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொள்ளும். மிளகாய் இடிக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லையா, அதே கதைதான். தும்பிக்கு இந்தச் சடங்கு வேண்டியதில்லை. இரண்டு அடி அடித்து விழுங்கிவிடும்.

"பூச்சியையெல்லாம் தின்றுவிட்டால் செம்பனை காய்க்குமா வாத்தியாரே?" என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீ அன்று. ஒரு சிறிய மூக்குவண்டு. 1981இல் அதை ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன்பு நம் தாய்மார்களும் அக்காமார்களும் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தத் தூளைத் தூவியதை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஓர் அரிசிமணிக்கும் சிறிய அந்த வண்டைத் துரத்திக்கொண்டு பஞ்சுருட்டான் பனைக்குள் நுழைவதில்லை. வெளியில் பறக்கும் பெரிய பூச்சிதான் அதற்குக் குறி. தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வதில் மட்டும் கொஞ்சம் நியாயமிருக்கிறது.

இனி அதன் வீட்டுக்கு வருவோம். இவ்வளவு அழகான பறவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. மண்ணைத் தோண்டி உள்ளே போகிறது. நீலத்தொண்டை பெரும்பாலும் சமதரையான மணலிலேயே தோண்டிவிடும். அலகால் குத்தி, குட்டைக் கால்களால் மணலைப் பின்னுக்குத் தள்ளும். சரிவாகக் கீழே இறங்கும் அந்தச் சுரங்கம் ஓர் ஆள் நீளத்திற்கும் போகலாம். கடைசியில் ஒரு சிறு அறை. மெத்தை கிடையாது, வெறும் மண்மீது வெள்ளை முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகு இன்னும் நான்கு வாரம்போல உள்ளேயே வைத்துத் தீனி கொடுக்கும். பல இணைகள் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தோண்டுவதால் அது நம் லயத்தைப்போலவே ஒரு குடியிருப்பாகிவிடும்.

மார்ச் முதல் ஜூன் வரை திடல்களில் இந்த ஓட்டைகளைப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பாம்புப் பொந்து!"

நானும் அப்படித்தான் சொன்னேன். 2011 ஏப்ரல் மாதம். நான் அப்போது வேலை பார்த்த தோட்டப் பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்கு முந்திய வாரம் கோத்தோங்-ரோயோங். திடலின் ஆற்றுப்பக்க மூலையில் மணலில் ஒன்பது ஓட்டைகள். காலணி இல்லாமல் ஓடும் பிள்ளைகள் நிறைந்த இடம். ஒரு பாம்பு தீண்டினால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? ஆசிரியர் என்ற பொறுப்போடு நானே முன்னின்று, பெரிய மாணவர்களைக் கொண்டு ஒவ்வோர் ஓட்டையிலும் கல்லைத் திணித்து, மணலைக் கொட்டி, காலால் மிதித்து மூடவைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அணிவகுப்பின்போது கோல் கம்பத்தின் குறுக்குக் கட்டையில் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாவற்றின் அலகிலும் தும்பி. ஒன்றும் விழுங்கவில்லை. ஒவ்வொன்றாக மணலில் இறங்கும், அங்குமிங்கும் நடக்கும், அலகால் ஒரு குத்துக் குத்தும், மறுபடி கம்பத்திற்கே போகும். நான் வருகைப் பதிவேட்டோடு நின்று வேடிக்கை பார்த்தேன். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், அதுங்க வீட்டுக்குள்ள போக முடியாம நிக்குதுங்க சார்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "எந்த வீடு?" என்று கேட்டேன்.

"நேத்து நாம மூடினோமே, அது."

பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பிள்ளைகளின் மனவியல் சொல்லிக்கொடுத்தார்கள், அறிவியல் போதிக்கும் முறையும் சொல்லிக்கொடுத்தார்கள். நின்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்களா என்று நினைவில்லை. அந்தச் சிறுமி பார்த்திருந்தாள்.

பள்ளிக்குப் பக்கத்து லயத்தில் ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் தாத்தா. ஓடிப்போய் அவரை அழைத்துவந்தேன். மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாத்தியாரையா, பாம்பு தானா பொந்து தோண்டாதுங்க. எலி தோண்டினதுல, வேற எதுவும் தோண்டினதுலதான் போய்ப் படுத்துக்கும். இது குருவி தோண்டினது. மூடுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

இருவரும் மண்டியிட்டுத் தோண்டினோம். மண்வெட்டி கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். கையாலும் தேங்காய்ச் சிரட்டையாலும்தான். நாங்கள் மிதித்த மிதியில் பல சுரங்கங்கள் உள்ளேயே சரிந்திருந்தன. எந்தப் பக்கம் சரிவு என்று தெரியாமல் தோண்டினால் மேலும் சரிந்தது. பகல் பன்னிரண்டு மணிவரை பாடுபட்டு இரண்டே இரண்டு வாய்களைத்தான் திறக்க முடிந்தது. ஒன்றின் உள்ளிருந்து குஞ்சுகளின் சத்தம் மெல்லக் கேட்டது. நாங்கள் விலகிப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அரைமணி நேரம் கழித்து ஒரு பறவை தும்பியோடு உள்ளே போய் வெறும் அலகோடு வெளியே வந்தது. தாத்தா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போனார். மற்ற ஏழு வீட்டுப் பறவைகள் மூன்று நாள் கம்பத்தில் இருந்துவிட்டுப் பிறகு வரவில்லை.

மலேசியாவில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டானை ஆராய்ந்து 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. மூத்த குஞ்சின் அலகு நுனியில் கூரிய கொக்கி ஒன்று இருக்கும். தீனி போதாமல் போனால் மூத்தது இளையதைக் குத்திக் கொன்றுவிடும். தாய் தகப்பனின் வரவு ஒரு பகல் தடைப்பட்டால் அந்த இருட்டறைக்குள் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்துப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

ஆகையால் வாசகர்களே, ஓட்டையைப் பார்த்ததும் மண்ணைத் தூக்காமல் சற்று உற்றுப் பாருங்கள். பஞ்சுருட்டான் குடியிருக்கும் ஓட்டை ஒரு டென்னிஸ் பந்து நுழையும் அளவுக்கு இருக்கும். வாசலுக்கு முன்னால் புதுமணல் விசிறிபோலப் பரவிக் கிடக்கும். அந்த மணலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய தடங்கள் உள்ளே போகும். குட்டைக் காலை இழுத்து இழுத்துப் போவதால் உண்டாகும் தடம் அது. சுற்றுமுற்றும் தும்பிச் சிறகோ வண்டு ஓடோ கிடக்கலாம். வாசலில் சிலந்தி வலை கட்டியிருந்தால் வீட்டில் ஆளில்லை. அப்போதும் கையை விட்டுப் பார்க்காதீர்கள். காலிவீட்டில் யார் வேண்டுமானாலும் குடிவரலாம், பாம்பு உட்பட. ஐயமாக இருந்தால் முப்பது அடி தள்ளி ஒரு மணி நேரம் உட்காருங்கள். பறவை போகவர இருந்தால் சந்தேகமே இல்லை.

பிள்ளைகள் குச்சியை விட்டுக் குடைவதையும், லாஸ்டிக்கில் கல் வைத்துக் கம்பியைக் குறிபார்ப்பதையும் கண்டால் அதட்டுங்கள். அதட்டிவிட்டு, குஞ்சு இருக்கும் வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தீனி வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அதட்டலைவிட எண்ணச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. கைத்தொலைபேசியில் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் வாசலுக்கு நேரே போய் நிற்கவேண்டாம். நீங்கள் நிற்கும்வரை அது உள்ளே போகாது. நாய், உடும்பு, பாம்பு என்று அதற்கு ஏற்கெனவே விரோதிகள் அதிகம்.

குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் இவற்றில் பல இடம் மாறிவிடும். கடல் கடந்து சுமத்திராவுக்குப் போவனவும் உண்டு. ஆடி மாதத்தில் கம்பி வெறிச்சென்றிருந்தால் கவலைப்படாதீர்கள்.

2012இல் அந்தத் திடலுக்கு ஒன்றுகூட வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. மறுநடவு நடந்த மேட்டில் சிலவற்றைப் பார்த்ததாக அந்த மாணவி வந்து சொன்னாள், போய்ப் பார்த்தேன், இருந்தன. திடலில் மட்டும் இல்லை. 2014 மார்ச்சில், நீளம் தாண்டும் குழிக்காக லாரியில் கொண்டுவந்து கொட்டிய மணற்குவியல் ஒரு வாரம் வாரப்படாமல் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் குவியலின் அடிப்பக்கத்தில் மூன்று ஓட்டைகள். முன்னால் விசிறிபோலப் புதுமணல், இரண்டிரண்டு தடங்கள். பிள்ளைகளைக் கொண்டு சுற்றிலும் கம்பு நட்டு ரஃபியாக் கயிறு கட்டினேன்.

தலைமையாசிரியர் வந்து பார்த்தார். "போட்டி இன்னும் மூணு வாரத்துல இருக்கு. குழிக்கு மணல் வேணுமே, என்ன பண்ணலாம்?" என்றார்.

அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் நீளம் தாண்டும் போட்டி நடைபெறவில்லை.